ஏமாற்றியவர் யார்? தமிழ்நாட்டு அணியின் சில பந்து வீச்சாளர்கள் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். "சார், வழக்கம்போல் கல்வெட்டு, செப்பேடு என்று எழுதிவிடாதீர்கள், பையன்கள் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏதாவது விளையாட்டு பற்றி எழுதுங்கள்" என்றும் சொன்னார்கள். வரலாறு படித்து, வரலாறு சொல்லிக் கொடுத்து, ஓய்வு பெற்ற பிறகு பூம்பாறை தாண்டி எங்கள் கூக்காலில் பூண்டுக் காட்டைப் பார்த்துக் கொண்டிருக்கும் ஆசாமி நான். விளையாட்டுக்கும் வரலாறு உண்டல்லவா? எனவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. அதில் பந்து எறிபவருக்குப் பிட்சர் என்று பெயர். அங்குள்ள ரசிகர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு: "நம் அணியின் வரலாற்றிலேயே நம்மை அதிகம் ஏமாற்றிய பிட்சர்கள் யார் யார்?" என்று பட்டியல் போடுவது. நல்ல சம்பளம் வாங்கியவன், பெரிய பெயரோடு வந்தவன், கடைசியில் ஒன்றும் செய்யாமல் போனவன், எல்லோரும் அதில் வருவார்கள். நம் ஊர் டீக்கடையிலும் இது நடக்கத்தான் செய்கிறது. "அவன் என்னத்தைக் கிழிச்சான்?" என்ற ஒரே கேள்வியில் ஒரு மனிதனுடைய இருபது வருட உழைப்பை முடித்துவிடுவோம்.

அப்படி ஒரு பட்டியலை நம் தமிழ்நாட்டு அணிக்குப் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பழைய கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவை சொன்ன விஷயம் வேறாக இருந்தது. அதைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அணியைப் பற்றி இரண்டு வரி. ரஞ்சிக் கோப்பை 1934-ல் தொடங்கியது. அன்று மெட்ராஸ் என்றும் பின்னாளில் தமிழ்நாடு என்றும் பெயர் கொண்ட நம் அணி 12 முறை இறுதி ஆட்டத்துக்குப் போயிருக்கிறது. கோப்பையை வென்றது இரண்டே முறை, 1954-55-லும் 1987-88-லும். மீதி 10 முறையும் வாசல்படி வரை போய்விட்டுத் திரும்பியவர்கள் நாம். ஏமாற்றம் நமக்குப் புதிதல்ல!

முதல் பந்து போட்டவர்

ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தைப் போட்டவர் நம்மவர். 1934 நவம்பர் 4-ம் தேதி, சேப்பாக்கம், மைசூருக்கு எதிராக. பெயர் எம்.ஜே. கோபாலன். செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்துக்காரர். அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்து போனது வேறு கதை. மைசூர் 48, 59, நாம் 130. அன்று 11 விக்கெட் எடுத்தவர் ஏ.ஜி. ராம்சிங்.

கோபாலன் அதே 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார். ஒரு விக்கெட். அத்தோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. பட்டியல் போடுகிறவர் கண்ணுக்கு இது "ஒரு டெஸ்ட், ஒரு விக்கெட், தோல்வி".

ஆனால் அவர் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1935-ல் தியான் சந்தோடு நியூசிலாந்து போய் வந்தார். 1936-ல் அவர் முன்னால் இரண்டு வழி. ஹாக்கி அணியோடு பெர்லின் ஒலிம்பிக். அல்லது கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது. இங்கிலாந்து போன கோபாலனுக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. ஒரு தங்கப் பதக்கத்தை விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவரை மைதானத்துக்கு வெளியே உட்கார வைத்து அனுப்பினார்கள். இங்கே யார் யாரை ஏமாற்றியது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஐந்து விக்கெட்டும் அடுத்த ஆட்டமும்

போலீஸ் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே வேகப்பந்து போட்டவர் சி.ஆர். ரங்காச்சாரி. 1947-48-ல் ஆஸ்திரேலியா போனார், பிராட்மன் காலம். திரும்பி வந்து 1948 நவம்பரில் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆடினார். எதிரணி 631 ரன். நான்கு பேர் சதம். அந்த அடிமழையில் ரங்காச்சாரி மட்டும் 107 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்ட் பம்பாய். அதற்கு அடுத்தது அவருக்கு இல்லை. மொத்தம் 4 டெஸ்ட், 9 விக்கெட்.

லெக் ஸ்பின் போட்ட வி.வி. குமார் கதை இன்னும் சுருக்கம். 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 5 விக்கெட், இரண்டாவதில் இன்னும் 2. இப்படி அறிமுகமாகிறவர்கள் அபூர்வம். அதே ஆண்டு நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டாவது டெஸ்ட். விக்கெட் இல்லை. மூன்றாவது டெஸ்ட் வரவே இல்லை!

தேர்வாளர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தொடரில் துரானியும் போர்டேயும் சுழற்றி எடுத்தார்கள், இந்தியா 2-0 என்று வென்றது. சில வருடத்தில் சந்திரசேகர் வந்துவிட்டார். இருக்கிற இடம் பதினொன்றுதான். அதெல்லாம் சரி. ஆனால் குமார் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து வருடத்துக்கும் மேலாக முதல்தர ஆட்டங்களில் வீசி 599 விக்கெட் எடுத்தார். சராசரி 20 ரன்னுக்கும் கீழே. 600-க்கு ஒன்று குறைவு. இரண்டாவது டெஸ்டை மட்டும் பார்ப்பவனுக்கு இவர் ஏமாற்றம். முழுக் கணக்கையும் பார்ப்பவன் அந்தச் சொல்லை எடுக்கவே கூச வேண்டும்.

சுழியம்

பட்டியல்காரர்கள் எல்லோரும் முதலிடத்துக்குச் சிபாரிசு செய்யக்கூடிய பெயர் டி.ஏ. சேகர். 2 டெஸ்ட், விக்கெட் 0. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா என்பார்கள்.

வேண்டும். அவர் ஆடியது 1982-83-ல், பாகிஸ்தானில். இம்ரான் கான் ஒருவரே 40 விக்கெட் எடுத்த தொடர் அது. முதாசர் நாசர் மட்டும் 761 ரன் அடித்தார். நமக்கு 3-0 தோல்வி. அந்தத் தொடர் நடந்துகொண்டிருந்தபோது நான் விடுதியில் முதலாண்டு மாணவன். ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து பாகிஸ்தான்காரன் அடிக்க அடிக்க எண்ணிக்கொண்டிருந்தோம். கபில் தேவுக்குத் துணையாக இந்தியாவில் வேகமாகப் போடக்கூடியவர் ஒருவர் வேண்டுமென்று தேடி, கிடைத்தவரை அந்தத் தொடரின் கடைசி இரண்டு டெஸ்டில் இறக்கினார்கள். விக்கெட் விழவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. 1987-ல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி வந்து போவார். வருடம் முழுக்கப் பையன்களோடு மைதானத்தில் நின்றவர் சேகர். ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் எல்லாம் அந்த மையத்தில் தேறியவர்கள். ஒரு விக்கெட்டும் எடுக்காத மனிதர் உருவாக்கத் துணை நின்றவர்களின் விக்கெட்டைக் கூட்டினால் பல நூறு வரும். அது அவர் பெயருக்கு நேரே எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது.

சிவா

இப்போது மனதை மிகவும் வருத்தும் பெயருக்கு வருகிறேன். எல். சிவராமகிருஷ்ணன்.

எங்கள் தலைமுறைக்கு இவர் யார் என்று விளக்க வேண்டாம். இன்றைய மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 1965 டிசம்பர் 31-ல் பிறந்தவர். 16 வயதில் ரஞ்சிக்கு வந்து, டெல்லிக்கு எதிராகக் கால் இறுதியில் 28 ரன்னுக்கு 7 விக்கெட். 17 வயதில், 1983 ஏப்ரலில், ஆண்டிகுவாவில் முதல் டெஸ்ட். அதுவரை இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர்களில் இவரே மிகவும் இளையவர். அங்கே விக்கெட் இல்லை.

1984 நவம்பர் கடைசியில் பம்பாயில் இங்கிலாந்து டெஸ்ட். நாடு இருந்த நிலை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இந்திரா காந்தி சுடப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. டெஸ்டுக்கு முந்தின நாள் பம்பாயிலேயே பிரிட்டிஷ் துணைத் தூதர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆட்டம் நடக்குமா என்பதே சந்தேகம். இந்தியா டெஸ்ட் வென்று 31 ஆட்டம் ஆகியிருந்தது. சிவா முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 117 ரன்னுக்கு 6. 12 விக்கெட்! நாம் 8 விக்கெட்டில் வென்றோம். எங்கள் விடுதி மெஸ்ஸில் அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லாததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. அடுத்து டெல்லியில் முதல் இன்னிங்ஸிலேயே 99 ரன்னுக்கு 6. மூன்று இன்னிங்ஸ் தொடர்ந்து ஆறு ஆறாக எடுத்தவருக்கு அப்போது 19 வயது நிறையவில்லை.

1985 ஜனவரியில் சேப்பாக்கம். சொந்த ஊர் மைதானம். இங்கிலாந்தின் ஃபவுலர் 201, கேட்டிங் 207, மொத்தம் 7 விக்கெட்டுக்கு 652. சுழலை எப்படி ஆடுவது என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும் தொடர் முடிவில் சிவாவுக்கு 23 விக்கெட். இரண்டே மாதத்தில், மார்ச்சில், ஆஸ்திரேலியாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில் 10 விக்கெட். இறுதி ஆட்டத்தில் மியாந்தாதை முன்னே இழுத்து, சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்ப் செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறக்க முடியாது.

பிறகு? பிறகு பந்து விழுந்த இடம் தவற ஆரம்பித்தது. லெக் ஸ்பின்னுக்கு அளவுதான் உயிர். மணிக்கட்டு கொஞ்சம் சொன்னபடி கேட்காவிட்டால் ஒன்று முழு டாஸ், இல்லாவிட்டால் பாதிக் களத்தில் குத்தும். இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் விக்கெட் அதிகம் வரவில்லை. 1986 ஜனவரி தொடக்கத்தில் சிட்னியில் ஆடியது அவருடைய கடைசி டெஸ்ட். 20 வயது நிறைந்து இரண்டே நாள் ஆகியிருந்தது! மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். அதில் 23 அந்த ஒரே தொடரில் வந்தவை. 1987 உலகக் கோப்பையில் இரண்டு ஆட்டம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அவரைப் பற்றி ஊர் எவ்வளவோ பேசியது. புகழ் தலைக்கேறிவிட்டது என்றார்கள். இந்தப் பேச்சுக்கெல்லாம் ஸ்கோர் புத்தகத்தில் சாட்சி கிடையாது. தோல் நிறத்துக்காக வாழ்நாள் முழுவதும் இழிவுபடுத்தப்பட்டேன் என்று அவரே 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார், நம் நாட்டிலேயே. பம்பாயில் 12 விக்கெட் எடுத்தபோது கை தட்டிய நமக்கு அந்தப் பையன் உள்ளே என்ன சுமந்துகொண்டு திரிந்தான் என்று தெரியாது.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவா விட்ட அதே சிட்னி மைதானத்தில், 1992 ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் ஒரு லெக் ஸ்பின்னர் முதல் டெஸ்ட் ஆடினார். நம்மவர்கள் அவரைப் பிழிந்து எடுத்தார்கள். 150 ரன் கொடுத்து ஒரே விக்கெட்; அதுவும் 206 அடித்த பிறகு ரவி சாஸ்திரி. அடுத்த டெஸ்டில் 78 ரன், விக்கெட் இல்லை. இரண்டு டெஸ்டில் 228 ரன்னுக்கு 1 விக்கெட். நம் டீக்கடையில் என்ன சொல்லியிருப்போம்? அவர் ஷேன் வார்ன். பொறுத்தார்கள், திரும்பவும் கூப்பிட்டார்கள், 708 விக்கெட்டில் போய் முடித்தார். வார்ன் ஆரம்பித்தபோது வயது 22. சிவா முடித்தபோது 20.

பேஸ்பாலில் ஒரு சிவா

பேஸ்பாலிலும் இதே கதை ஒன்று உண்டு. டேவிட் கிளைட் என்ற டெக்சாஸ் பையன் 1973-ல் பள்ளி வீரர்களிலும் கல்லூரி வீரர்களிலும் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். வழக்கப்படி இப்படிப்பட்டவர்களைச் சின்ன அணிகளில் இரண்டு மூன்று வருடம் பழக்கி அப்புறம்தான் மேலே கொண்டுவருவார்கள். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியிலோ மைதானம் காலி, டிக்கெட் விற்கவில்லை. பள்ளி முடித்து மூன்று வாரம்கூட ஆகாத 18 வயதுப் பையனை நேரே பெரிய மைதானத்தில் இறக்கினார்கள். ஜூன் 27 அன்று முதல் ஆட்டம். அரங்கம் நிரம்பி வழிந்தது, பையனும் வென்றான். பெட்டி நிறைந்தது. அப்புறம் தோள் போயிற்று. 18 வெற்றி, 33 தோல்வி என்ற கணக்கோடு 24 வயதில் எல்லாம் முடிந்தது. ஓய்வூதியத்துக்கு 37 நாள் குறைந்தது என்பது கொசுறு. அந்த அணியின் "ஏமாற்றிய பிட்சர்" பட்டியலில் இவன் பெயர் தவறாமல் வரும். டிக்கெட் விற்றவர்கள் பெயர் அதில் வராது.

உடம்பு சொன்ன பதில்

எல்லாவற்றுக்கும் தேர்வாளர் தலையை உருட்டக் கூடாது. உடம்பு என்று ஒன்று இருக்கிறது. வேகப்பந்து போடுகிறவன் ஒவ்வொரு பந்துக்கும் தன் உடல் எடையைப் போல் பல மடங்கு பாரத்தை முன்காலில் இறக்குகிறான். முதுகெலும்பு அதற்கு வட்டி கேட்கும்.

எல். பாலாஜி 2003-ல் டெஸ்டுக்கு வந்தார். 2004 பாகிஸ்தான் பயணத்தில் அவர் சிரிப்புக்கே அங்கே ரசிகர் கூட்டம். 2005 மார்ச்சில் மொகாலியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே டெஸ்டில் 9 விக்கெட். பிறகு முதுகில் எலும்புக் கீறல். மூன்று வருடம் போயிற்று. 8 டெஸ்ட், 27 விக்கெட்டோடு அந்தக் கணக்கு நின்றது. ஆனால் மனிதர் பந்து போடும் முறையையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2008 மே மாதம் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக் அவருடையது. 2012 இருபது ஓவர் உலகக் கோப்பையிலும் இந்தியாவுக்கு ஆடினார்.

சேலம் சின்னப்பம்பட்டி டி. நடராஜனை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பந்து வீசும் முறையில் சந்தேகம் எழுந்து, அதைத் திருத்தி, வலைப் பந்து வீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் நாம் வென்ற அந்தப் புகழ்பெற்ற டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். அதன் பிறகு முழங்கால் சிகிச்சை, காயம் என்று காலம் போனது. ஒரு டெஸ்டோடு நிற்கிறார். இவரை ஏமாற்றம் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

கூப்பிடவே படாதவர்கள்

மேலே சொன்னவர்களுக்காவது ஒரு கதவு திறந்தது. முதல் ரஞ்சி ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்த ராம்சிங் ஒரு டெஸ்டும் ஆடவில்லை. கிருபால் சிங், மில்கா சிங் என்ற அவர் பிள்ளைகள் ஆடினார்கள். 1972-73 இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில் பம்பாயோடு. நம் வேகப்பந்து வீச்சாளர் பி. கல்யாணசுந்தரம் அதில் ஹாட்ரிக் எடுத்தார். பம்பாய் 151, 113. நாம் 80, 61! மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. ஹாட்ரிக் எடுத்த நம் ஆளுக்கும் டெஸ்ட் இல்லை. நம்மை 13 விக்கெட் எடுத்துச் சாய்த்த பம்பாயின் சிவால்கருக்கும் டெஸ்ட் இல்லை. 33 வருடம் கழித்து 1987-88-ல் கோப்பையைக் கொண்டுவந்த தலைவர் எஸ். வாசுதேவன், இடது கைச் சுழல். அவருக்கும் இல்லை. அதே அணியின் எம். வெங்கடரமணாவுக்கு ஒரு டெஸ்ட், ஒரு விக்கெட்.

கூட்டிப் பார்த்தால்

வரலாற்று மாணவன் பழக்கம், கடைசியில் கூட்டிப் பார்ப்பேன். கோபாலன் 1, ரங்காச்சாரி 4, குமார் 2, சேகர் 2, சிவா 9, வெங்கடரமணா 1, பாலாஜி 8, நடராஜன் 1. எட்டுப் பேர், ஏறத்தாழ 90 வருடம், மொத்தம் 28 டெஸ்ட், 74 விக்கெட். நம் எஸ். வெங்கட்ராகவன் ஒருவரே ஆடியது 57 டெஸ்ட். எட்டுப் பேரும் சேர்ந்து அதில் பாதியைத் தொடவில்லை.

ஆர். அஸ்வின் 106 டெஸ்டில் 537 விக்கெட் எடுத்து 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். அவருக்கும் 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு விக்கெட்டும் விழவில்லை. பல டெஸ்ட் வெளியே உட்கார்ந்தார். ஆனால் 2014-ல் திரும்பவும் கூப்பிட்டார்கள். அந்த ஒரு அழைப்பு வராமல் போயிருந்தால் அவர் பெயரும் இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியாக முடிந்திருக்கும். வாய்ப்புக் கொடுத்தால் எல்லோரும் அஸ்வின் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் இன்னும் பத்து டெஸ்ட் ஆடியும் தோற்றிருப்பார்கள். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பொறுமைதான் நமக்கு இருந்ததில்லை.

இது டெஸ்ட் வீரர்களோடு நிற்கிற விஷயமும் இல்லை. எங்கள் கூக்காலில் சமதளம் என்பதே அபூர்வம். அடுக்கு வயல்தான். பந்தை விட்டால் நாலு அடுக்கு கீழே போய்த்தான் எடுக்க வேண்டும். அங்கே மேட்டைப் பார்த்து ஓடி வந்து பந்து போட்டுப் பழகிய ஒரு பையன், எனக்கு மூன்று வருடம் இளையவன், கீழே ஓர் ஊரில் அணித் தேர்வுக்குப் போனான். மேட்டில் ஓடிப் பழகிய கால் சமதளத்தில் கோட்டைத் தாண்டி விழுந்தது. நோ-பால் மேல் நோ-பால். 4 ஓவர், 38 ரன், விக்கெட் இல்லை. அடுத்த பஸ்ஸில் மலையேறிவிட்டான். இன்று பேரன் எடுத்தாயிற்று. இரண்டு மாதம் முன்பு பூண்டு காயப்போட்டுக்கொண்டே பேச்சு வந்தது. "அஞ்சாவது ஓவருல காலு பிடிபட்டிருக்கும்ணே. அவங்களுக்குத்தான் நேரமில்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் நேர்முகத் தேர்வு உண்டு, செமஸ்டர் உண்டு, முதல் வேலை உண்டு. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் உங்கள் முதல் நாலு ஓவரை வைத்துக் கணக்கு எழுதுவார். அந்தக் கணக்கு உண்மைதான். ஆனால் அது நாலு ஓவர் கணக்கு. நாளை நீங்களே நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருவருக்குக் கணக்கு எழுதும் நாளும் வரும். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி அணியின் பழைய ஸ்கோர் புத்தகங்கள் உடற்கல்வித் துறை அலமாரியில் இருக்கும். கரையான் அரிப்பதற்குள் அவற்றைப் படம் எடுத்து வைக்க வேண்டும். கோப்பை வாங்கியவர்கள் படம் ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது. ஒரே ஆட்டம் ஆடி நின்றுபோனவர்கள் பெயர் அந்தப் புத்தகங்களில் மட்டுமே இருக்கிறது. வரும் மலரில் அவர்கள் பெயர்களை வருட வாரியாக அச்சிட்டால், தொகுத்துத் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.